வயதும் மூளையும் சட்டமும்

இலங்கையில் வாக்களிக்கும் வயது 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது 1959ஆம் ஆண்டில். ஆனால், ஒருவன் சட்டத்தின் கண்ணில் முழுவயது எய்தியவனாகக் கருதப்படும் வயது 1989ஆம் ஆண்டு வரையில் 21 ஆகவே இருந்துவந்தது. ஆகவே, முப்பது ஆண்டுக் காலம் இந்நாட்டில் 18 வயது இளைஞன் ஒருவன் தன் வாக்கினால் ஓர் அரசாங்கத்தை வீழ்த்தலாம். தந்தை வைத்துச் சென்ற இரண்டு பரப்புக் காணியைத் தன் எண்ணப்படி விற்பது மட்டும் பொதுவாக இயலாது என்ற நிலை நிலவிற்று. இதனை முரண்பாடு என்று நகைப்பது எளிது. ஆயின், நகைப்பதற்கு முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நாட்டை ஆளத் தக்கவர் யாரெனத் தேரும் அறிவும், காணி வாங்க வந்தவன் கூறும் நயமொழிக்கு மயங்காதிருக்கும் உறுதியும் ஒரே நாளிலே ஒருவனிடம் வந்து சேர்கின்றனவா?

சட்டம் வயதினைக் கோடிட்டுக் காட்டியே தீரவேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க அதற்கு நேரமில்லை. ஆனால், அக்கோடுகள் மனித மூளையை ஆராய்ந்து வரையப்பட்டவை அல்ல. இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலைத்திருந்த 21 என்னும் வயது, கனத்த போர்க்கவசத்தைத் தாங்கிக் குதிரைமேல் அமரக்கூடிய வீரனின் வயதிலிருந்து வந்ததென்று வரலாற்றாசிரியர் கூறுவர். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கு அது 18 ஆயிற்று. ஐக்கிய அமெரிக்காவிலோ, வியட்நாம் போர்முனைக்கு அனுப்பத்தக்க வயதுடையவன் வாக்களிக்கத் தகாதவனா என்ற கேள்வியே 1971இல் வாக்குரிமை வயதை 18 ஆக்கிற்று. கவசமும் போர்முனையும் நியாயமான காரணங்களாகவே இருக்கலாம். அவை மூளையைப் பற்றிய காரணங்கள் அல்ல என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

மூளை பற்றிய செய்தி இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் தெளிவுபெறத் தொடங்கிற்று. உயிரோடிருக்கும் சிறுவன் ஒருவனின் மூளையை, அவனுக்குத் தீங்கு நேராமல் ஆண்டுதோறும் படம்பிடித்து ஒப்பிட அதற்கு முன் வழியில்லை. காந்தப்புலத்தைக் கொண்டு உள்ளுறுப்புகளைப் படமெடுக்கும் முறை வந்தபின், ஜே கீட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவரும் ஒரே பிள்ளைகளை மீண்டும் மீண்டும் வரவழைத்துப் படமெடுத்தனர். 1999இல் அவர்கள் வெளியிட்ட முடிபு பலரைத் திகைக்கவைத்தது. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியில் நரம்புக் கலங்கள் செறிந்த சாம்பல்நிறப் பொருள் ஏறத்தாழ 11, 12 வயது வரையில் தடித்து, பின்னர் மெலியத் தொடங்குகின்றது. மெலிதல் நலிதலன்று. நெருங்கி முளைத்த நாற்றுகளுட் சிலவற்றைக் களைந்தால் எஞ்சியவை செழிப்பது போல, பயன்படாத நரம்பிணைப்புகள் கழிக்கப்படுகின்றன; பயன்படுவனவற்றின்மீது கொழுப்புறை படர்ந்து செய்தி விரைந்தோட வழிசெய்கின்றது. இவ்வேலை முன்நெற்றிப் பகுதியிலே மிகவும் பிந்தி, இருபது வயதுக்கு மேலும் தொடர்கின்றது. பின்விளைவை எண்ணுதல், எழுந்த ஆசையை அடக்குதல், நாளைய நன்மைக்காக இன்றைய இன்பத்தை ஒத்திவைத்தல் ஆகியவற்றில் அப்பகுதிக்கு முதன்மையான பங்குண்டு. பரிசிலும் பரபரப்பிலும் நாட்டங்கொள்ளும் உள்மூளைப் பகுதிகளோ பருவமடையும் காலத்திலேயே விழித்துக்கொள்கின்றன. 25 வயதிலே மூளை முற்றுப்பெற்றுவிடும் என்று இக்காலத்திற் பலரும் சொல்லக் கேட்கலாம். அப்படி ஒரு பிறந்தநாளைக் குறித்துக்கொடுத்த ஆராய்ச்சி எதுவும் இல்லை. வளர்ச்சி ஒரு சரிவு. சட்டத்துக்கு வேண்டியதோ ஒரு படி.

பிலடெல்பியாவிலுள்ள ரெம்பிள் பல்கலைக்கழகத்தின் உளவியலறிஞர் லோரன்ஸ் ஸ்டைன்பேர்க் இதனோடு தொடர்புடைய வேறொன்றைக் கண்டார். 2005இல் அவரும் அவருடைய மாணவியாரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், மோட்டார் வண்டி ஓட்டுவது போன்ற விளையாட்டொன்றைப் பல வயதினரிடமும் கொடுத்தனர். தனியே இருந்து விளையாடியபோது கிடைத்த முடிவுகளையும் நண்பர்கள் அருகிலிருந்து பார்த்தபோது கிடைத்தவற்றையும் ஒப்பிட்டனர். வளர்ந்தோரிடம் அதனால் வேறுபாடு தோன்றவில்லை. பதின்வயதினரோ நண்பர் கண்முன் வெகுவாகத் துணிந்து ஆபத்தை விலைக்கு வாங்கினர். அமைதியாக அமர்ந்து, நேரமெடுத்து ஆராயும் அறிவில் 16 வயதினர் பெரியோருக்கு அதிகம் குறைந்தவரல்லர். உணர்ச்சி கொதிக்கும் வேளையில், தோழர் கூட்டத்தின் நடுவே, கணப்பொழுதில் முடிவு செய்யும்போதே வேறுபாடு வெளிப்படுகின்றது. இவ்விரு வகை முதிர்ச்சியும் வேறு வேறு வேகத்தில் வருவன. வாக்களிப்பதற்கு ஒரு வயதும் காணி விற்பதற்கு வேறொரு வயதும் இருந்தமை, இவ்வாறு பார்த்தால், முழுமையான நகைப்புக்குரியதன்று.

இந்த வேறுபாடு உயிரா மரணமா என்ற கேள்வியாக ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றத்தின்முன் வந்து நின்றது. மிசூரி மாநிலத்தில் 1993இல் கிறிஸ்தோபர் சிம்மன்ஸ் என்னும் 17 வயது இளைஞன், தன்னினும் இளைய நண்பர் இருவரிடம், ஒரு வீட்டிற் புகுந்து களவும் கொலையும் செய்யலாம், நாம் வயது வராதவர்களாகையால் தப்பிவிடலாம் என்று முன்கூட்டியே பேசினான். அவ்வாறே இரவில் ஒரு வீட்டிற் புகுந்து, அங்கிருந்த பெண்மணியைக் கட்டிக் கொண்டுபோய்ப் பாலத்திலிருந்து ஆற்றிலே தள்ளிக் கொன்றான். கொதிப்பிலே நிகழ்ந்த குற்றமாக இது தோன்றவில்லை; திட்டமிட்ட கொடுமையாகவே தோன்றுகின்றது. அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவன் இளமையைக் கருதித் தண்டனையைக் குறைக்குமாறு அவனுடைய வழக்கறிஞர் வேண்டியபோது, அரச தரப்பு வழக்கறிஞர் அதே இளமையை யூரர்களுக்குச் சுட்டிக்காட்டி, இந்த வயதிலேயே இப்படியென்றால் அஞ்ச வேண்டாமா, இது இரங்குவதற்குரிய காரணமன்று, அதற்கு நேர்மாறானது என்று வாதித்தார்.

2005ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் திகதி, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால், குற்றம் புரிந்தபோது 18 வயது நிரம்பாதிருந்த எவருக்கும் மரண தண்டனை விதித்தலாகாது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுபதுக்கு மேற்பட்டோர் அன்று தூக்குமேடையை எதிர்நோக்கும் வரிசையிலிருந்து நீங்கினர். தீர்ப்பினை எழுதிய நீதியரசர் அந்தனி கென்னடி, அரச தரப்பு வழக்கறிஞரின் அந்த வாதத்தையே எடுத்துக்காட்டினார். குற்றத்தின் கொடுமை கண்முன் நிற்கும்போது இளமை என்ற காரணம் யூரரின் மனத்தில் மறைந்துபோகும். சிலவேளை அதுவே எதிராகவும் திருப்பப்படும். அன்றியும், பருவத்தால் வந்த தவறு எது, திருத்தவொண்ணாத சீர்கேடு எது என்று பிரித்தறிவது தேர்ந்த உளவியலறிஞர்க்கே அரிது. ஆதலால், ஆள்பார்த்துத் தீர்மானிப்பதை விட்டு, அவ்வயதினர் யாவருக்கும் ஒரே விதியைச் செய்தல் வேண்டும் என்பதே அவர் கண்ட நியாயம். 18 வயது நிறைந்த அன்றே இளமையின் குறைகள் நீங்கிவிடுவதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனினும், சமூகம் பலவற்றுக்கும் கோடு கிழித்த இடம் அதுவாகையால் அங்கேயே இதனையும் கிழித்தார்.

எதிர்த்தரப்பில் நின்ற நீதியரசர் அந்தோனின் ஸ்காலியா தொடுத்த அம்பு கூரியது. அமெரிக்க உளவியற் சங்கம் இவ்வழக்கில், 18 வயதுக்குட்பட்டோர் தம் செயலுக்கு முழுப்பொறுப்பேற்கும் முதிர்ச்சியற்றோர் என்று எழுத்துமூலம் வாதித்தது. அதே சங்கம் 1990இல் முடிவான வேறொரு வழக்கிலே, பெற்றோரைக் கலவாமல் கருச்சிதைவு பற்றி முடிவு செய்யும் முதிர்ச்சி அவ்வயதுப் பெண்களுக்கு உண்டென்று வாதித்திருந்தது. வேண்டியபோது முதிர்ந்தோர், வேண்டாதபோது முதிராதோர் என்பதா என்று அவர் கேட்டார். ஆறியிருந்து எண்ணும் அறிவும் கொதிப்பிலே அடங்கும் ஆற்றலும் வெவ்வேறு என்னும் விடையினை ஸ்டைன்பேர்க் முதலியோர் பின்னர் விளக்கினர். அவ்விடை வலியதே. ஆயினும், வழக்குக்குத் தக்கபடி விஞ்ஞானத்தைத் தேடிக்கொள்ளும் பழக்கம் பற்றி ஸ்காலியா விடுத்த எச்சரிக்கை அதனால் முற்றும் விலகிவிடவில்லை. சிம்மன்ஸ் பலநாள் திட்டமிட்டவன் என்பது மறக்கத்தக்கதன்று.

பின்வந்த தீர்ப்புகள் இதன்வழி நடந்தன. 2010இல், கொலையல்லாத குற்றத்துக்காக 18 வயதுக்குட்பட்ட ஒருவரை விடுதலை வாய்ப்பே இன்றி ஆயுள் முழுதும் சிறையிடலாகாது என்று முடிவாயிற்று. அவ்வாறு சிறையிலிருந்தோர் அந்நாடெங்கும் 129 பேர். அவருள் 77 பேர் புளோரிடா என்னும் ஒரே மாநிலத்தில் இருந்தனர். மூளை விஞ்ஞானத்தை நீதிமன்றம் தன் தீர்ப்பிலே பெயர்சொல்லிக் குறித்தது அவ்வழக்கிலே. 2012இல், கொலைக்குற்றமாயினும் அத்தகைய தண்டனையைச் சட்டம் கட்டாயமாக்கக்கூடாது என்றாயிற்று. 2016இல், அவ்விதி முன்னமே தண்டிக்கப்பட்டோர்க்கும் பொருந்தும் என்றாயிற்று. அவ்வழக்கினைத் தொடுத்தவர் லூசியானாவைச் சேர்ந்த ஹென்றி மொன்ற்கோமரி. 1963இல், 17 வயதிலே, காவல் அதிகாரி ஒருவரைச் சுட்டுக்கொன்றவர். வழக்கில் அவர் வென்றபின்பும் விடுதலைச் சபை அவர் விண்ணப்பத்தை இருமுறை மறுத்தது. 2021 நவம்பரில் அவர் வெளிவந்தபோது அவருக்கு வயது 75. அதே ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் போக்கும் சற்றுத் திரும்பிற்று. திருந்தவே மாட்டாதவன் என்று தனியாக முடிவு கூறாமலே அத்தண்டனையை நீதிபதி விதிக்கலாம் என்று ஆறுக்கு மூன்றாகத் தீர்ப்பாயிற்று. ஆனால், மாசச்சுசெற்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2024இல், மூளை ஆராய்ச்சிகளையே முதன்மையாகக் கொண்டு, 18 முதல் 20 வயது வரையுள்ளோரையும் அத்தண்டனையிலிருந்து விலக்கிற்று. கோடு நகர்ந்துகொண்டே இருக்கின்றது.

இங்கு ஒரு சிக்கலை உணர்தல் நன்று. மூளைப் படங்கள் கூறுவது கூட்டத்தின் சராசரியை. பதினேழு வயதினர் ஆயிரவரின் படத்தையும் முப்பது வயதினர் ஆயிரவரின் படத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்தால் வேறுபாடு புலப்படும். கூண்டிலே நிற்கும் ஒருவனின் படத்தை வைத்து, இவன் அன்றிரவு தன்னை அடக்கிக்கொள்ள வல்லவனாயிருந்தானா என்று சொல்ல எந்தக் கருவிக்கும் இயலாது. 1981இல் ஜனாதிபதி றீகனைச் சுட்ட ஜோன் ஹிங்க்லியின் வழக்கு இதற்குச் சான்று. அவனுடைய மூளையின் மடிப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி அகன்றிருந்ததெனக் காட்டும் கதிர்ப்படத்தை எதிரித் தரப்பு கொணர்ந்தது. சித்தக் கோளாறுடையோரிடம் இது அதிகம் காணப்படும் என்றார் ஒரு மருத்துவர். நல்ல நிலையிலுள்ளோரிடமும் இது காணப்படும் என்றார் மற்றவர். இருவர் கூறியதும் மெய். 1982இல் அவன் சித்தசுவாதீனமின்மையால் குற்றவாளியல்லன் எனப்பட்டான். நாடு கொதித்தெழுந்தது. 1984இல் அச்சட்டம் இறுக்கப்பட்டு, சித்தசுவாதீனமின்மையை நிரூபிக்கும் பாரம் எதிரியின் தலையிலே சுமத்தப்பட்டது.

கூட்டத்தின் உண்மை தனியொருவனைத் தீர்க்க உதவாவிடினும், கூட்டத்துக்கே விதி செய்யுமிடத்தில் பேருதவியாகின்றது. ஈயம் கலந்த பெற்றோலைக் கருதலாம். 1979இல் ஹேபேர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர், பாடசாலைப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேர்த்து அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். ஈயம் மிகுந்த பற்களையுடைய பிள்ளைகள் அறிவுச் சோதனைகளிற் குறைந்த புள்ளியே பெற்றனர். தனிப்பட்ட பிள்ளை ஒன்றைக் காட்டி, இதன் அறிவு மழுங்கியது ஈயத்தால் என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவ முடிந்திராது. ஆனால், எல்லாப் பிள்ளைகளையும் ஒருசேர நோக்கிய அரசுகள் ஒவ்வொன்றாக அப்பெற்றோலை விலக்கின. இலங்கையில் அது 2002இல் ஒழிந்தது.

இவற்றுள் மிக ஆழ்ந்த பாடம் ருமேனியாவிலே கிடைத்தது. 1966இல் சௌசெஸ்கு ஆட்சி, மக்கட்டொகையைப் பெருக்கக் கருதிக் கருச்சிதைவைத் தடைசெய்தது. வளர்க்க வழியற்ற பெற்றோர் பிள்ளைகளை அரசின் இல்லங்களில் விட்டனர். 1989இல் அவ்வாட்சி கவிழ்ந்தபோது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவ்வில்லங்களிற் கிடந்தனர். உணவும் உடையும் ஒருவாறு கிடைத்தன. கண்ணோடு கண் பார்த்துப் பேசுவோர் இல்லை. வரிசை வரிசையான தொட்டில்களில் குழந்தைகள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அழுதால் எவரும் வரமாட்டார் என்பதைக் கற்ற குழந்தைகள் அழுகையையும் விட்டன.

2000ஆம் ஆண்டளவில் சார்ள்ஸ் நெல்சன், நேதன் பொக்ஸ், சார்ள்ஸ் சீனா என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் புக்கரெஸ்ற் நகர இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளைத் தெரிந்து, சீட்டுக் குலுக்கிப் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டனர். மற்றப் பாதிப்பேர் முன்னிருந்த பராமரிப்பிலேயே விடப்பட்டனர். குழந்தையின் வாழ்வைச் சீட்டிலே தீர்ப்பதா என்ற கேள்வி உடனே எழுந்தது; எழவேண்டியதே. அந்நகரில் அப்போது வளர்ப்புக் குடும்பங்கள் இல்லையென்றே சொல்லலாம். இல்லத்தில் நின்ற குழந்தைக்குப் பின்னர் வேறிடம் கிடைத்தால் தடுக்கப்படவில்லை. இல்லமே நன்று என்று எண்ணிய அதிகாரிகளும் அந்நாட்டில் இருந்தனர். இவையே அவர்கள் கூறிய விடைகள். இவ்விடைகள் போதுமா என்று அறநூலறிஞர் பலர் வாதித்துள்ளனர். கண்ட முடிபிலே ஐயமில்லை. குடும்பத்திற் சேர்ந்த பிள்ளைகள் அறிவிலும் அன்புப் பிணைப்பிலும் முன்னேறினர். இரண்டு வயதுக்கு முன் சேர்ந்தோரின் மூளை மின்வரைவுகள், எட்டாம் வயதில், இல்லத்தையே காணாத பிள்ளைகளின் வரைவுகளை ஒத்திருந்தன. பிந்திச் சேர்ந்தோரிடம் அம்மீட்சி குறைவு. ருமேனியா 2004இல் இயற்றி 2005இல் நடைமுறைக்குக் கொணர்ந்த சட்டம், கடுமையான ஊனமுற்ற குழந்தைகளைத் தவிர, இரண்டு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் இல்லத்தில் விடுவதைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திற் சேரும் ஆவலும் அச்சட்டத்துக்குத் துணைநின்றது. விஞ்ஞானம் தனித்து நின்று ஒரு சட்டத்தையும் இயற்றியதாகத் தெரியவில்லை.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வகுக்கப்பட்டபோது, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது என்றே விதித்தது. ஒன்பது வயதுச் சிறுவன் குற்றவாளியாகலாம் என்ற அந்நிலை நூறாண்டைக் கடந்தும் நீடித்தது. 2018இலேதான் அவ்வயது 12 ஆக உயர்த்தப்பட்டது. இந்நூற்றாண்டு மூளையைப் பற்றி அறிந்ததைக் கொண்டு நோக்கின், அவ்வளவு காலம் காத்திருந்தமைக்குச் சமாதானம் கூறுதல் அரிது.

இனி, வாழ்வின் மறுகோடி. இளமைக்குக் கோடு கிழித்த சட்டங்கள் முதுமைக்கு அதனைக் கிழிக்கத் தயங்குகின்றன, தயங்குவதே முறை. எழுபது வயதினர் இருவரின் மூளைகளுக்கிடையே உள்ள வேறுபாடு, ஏழு வயதினர் இருவருக்கிடையே உள்ளதைவிட மிகப் பெரிது. ஜப்பான் நாடு 2009 முதல், 75 வயதைக் கடந்த சாரதிகள் அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது நினைவாற்றற் சோதனைக்கு உட்படவேண்டும் என்று விதித்தது. 2017இல் அது கடுமையாக்கப்பட்டு, ஐயத்துக்கிடமானோர் மருத்துவரிடம் செல்லவேண்டியதாயிற்று. இங்கு வயது ஒருவரின் உரிமையைப் பறிக்கவில்லை. அவரைப் பரிசோதனைக்கு அழைக்கின்றது, அவ்வளவே. இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டமொன்று இன்னும் நுட்பமானது. எவரும் முடிவெடுக்க வல்லவரென்றே முதலிற் கொள்ளவேண்டும். அவர் எடுத்த முடிவு அறிவற்றதாகத் தோன்றுவது கொண்டே அவரை வல்லமையற்றவர் எனலாகாது. வல்லமை உண்டா இல்லையா என்பதை ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியே கேட்கவேண்டும் என்பது அதன் விதி. வங்கிக் கணக்கை நடத்த இயலாத மூதாட்டி, தான் எந்த மகளோடு இருக்க விரும்புகிறாள் என்பதைத் தெளிவாகச் சொல்லவல்லவளாயிருக்கலாம்.

குற்றவியலிலோ முதுமை வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. நெற்றிப்புற மூளையைத் தாக்கும் ஒருவகை மறதிநோய், நினைவை அழிக்குமுன் நாணத்தையும் அடக்கத்தையும் அழிப்பது. ஆயுளெல்லாம் நேர்மையாய் வாழ்ந்த ஒருவர் அறுபதாம் வயதிலே கடையிற் பொருளை எடுத்துக்கொண்டு கூசாமல் நடந்துபோவார். கலிபோர்னியாவின் மருத்துவ நிலையமொன்றில் 2,397 நோயாளரின் ஏடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்நோயுடையோரில் நூற்றுக்கு 37 பேர் அளவில் ஏதேனுமொரு குற்றச்செயல் புரிந்திருந்தனர். அல்சைமர் நோயுடையோரிடம் அது நூற்றுக்கு 8க்கும் குறைவு. தான் செய்வது தவறென்று வாயாற் சொல்லத் தெரிந்தும் தடுக்க மாட்டாத இத்தகையவரை, தவறென்று அறிந்தானா என்று மட்டும் கேட்கும் பழைய சட்டம் எப்படி அளப்பது? 1843இல், இங்கிலாந்தின் பிரதமருடைய செயலாளரைச் சுட்டுக்கொன்ற மக்நோட்டன் வழக்கையொட்டி எழுந்த அக்கேள்வியே பல நாடுகளில் இன்றும் கேட்கப்படுகின்றது.

அலபாமா மாநிலத்தில் 1985இல் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரைக் கொன்று மரண தண்டனை பெற்ற வேர்னன் மடிசன், முப்பதாண்டுக்கு மேற் சிறையிலிருந்தார். 2015இலும் 2016இலும் பாரிசவாதம் அவரைத் தாக்கிற்று. கண்பார்வை குன்றிற்று, நடை தளர்ந்தது, தாம் செய்த கொலையே நினைவிலின்றிப் போயிற்று. செய்ததை மறந்தவரைக் கொல்லலாமா என்ற கேள்விக்கு உயர்நீதிமன்றம் 2019இல் விடைகூறிற்று. குற்றத்தை மறந்துவிட்டமை மட்டும் தண்டனையைத் தடுக்காது. ஆனால், அரசு தம்மைக் கொல்லுவது எதற்காக என்பதை உணர முடியாதவாறு மறதிநோய் அவர் அறிவைச் சிதைத்திருப்பின், தண்டனையை நிறைவேற்றலாகாது என்பது அவ்விடை. மடிசன் அதனை உணரவல்லவரா என்பதைப் பார்க்குமாறு வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மறு ஆண்டு, தண்டனை நிறைவேறாமலே, அவர் சிறையில் இறந்தார்.